கத்திக்குக் கீழே ஒரு நலம் விசாரிப்பு

உகாண்டாவில் இருக்கிற எங்கள் கண் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் அறையில் நல்வோகாவுக்கு ஒரே வேலை: மேசையில் கிடப்பவரின் கையைப் பிடித்துக்கொள்வது. "இதுக்கொரு சம்பளமா?" என்று கேட்ட புது டாக்டர்கள் ஒரு வாரத்தில் வாயை மூடிக்கொண்டார்கள்.

புரை எடுக்கும்போது கண் மட்டும்தான் மரத்துப்போகிறது. ஆள் விழித்துத்தான் இருக்கிறார். தட்டில் கத்தி வைக்கிற சத்தம்கூடக் கேட்கும். ஏரித் தண்ணீருக்கடியிலிருந்து பார்ப்பதுபோல் வெளிச்சம் ஆடும், நீலம் வரும், சிவப்பு வரும். டாக்டர்கள் இதைப் புத்தகத்தில் படித்தவர்கள். நல்வோகா, கட்டுப் பிரிக்கிற அன்று ஒருவர் விடாமல் "உள்ள என்ன பாத்தீங்க?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டவள்.

அவள் போட்ட சட்டம் ஒன்றும் உண்டு. ஒருமுறை ஆபரேஷன் நடக்கும்போது உள்ளே வந்த பெரிய டாக்டர், "நல்லா இருக்கீங்களாம்மா?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டார். பெரியவர்கள் நலம் கேட்டால் மண்டியிட்டே பதில் சொல்லிப் பழகிய எங்கள் புகாண்டாப் பெண், படுத்துக்கொண்டே பதில் சொல்வாளா? மேசையில் கிடந்தவள் மண்டியிட எழுந்தாள். நல்வோகா மேலே விழுந்து அமுக்கினாள். அன்றிலிருந்து நலம் விசாரிப்பெல்லாம் கதவுக்கு வெளியேதான்.

சைக்கிள் ரிப்பேர் செய்யும் லுப்வாமாவுக்கு ஒரு கண் சின்ன வயதிலேயே போய்விட்டது. மிச்சமிருந்த கண்ணில் புரை எடுக்கக் கத்தி வைத்திருந்தபோது கரண்ட் போனது.

"மகளே, இருட்டாயிருச்சு! என் கண்ணு போச்சு!"

"கரண்ட்தான்யா போச்சு!" என்றாள் நல்வோகா.

அது அவர் காதில் ஏறவில்லை. கழுத்து விறைத்தது, எழப்போகிறார். டாக்டரின் கத்தி இன்னும் கண்ணுக்குள். நல்வோகா தன் சட்டத்தைத் தானே மீறினாள்.

"ஐயா, எப்படி இருக்கீங்க? வீட்ல எல்லாரும் சுகமா?"

நலம் கேட்டால் பதில் சொல்லாமலிருக்க எங்கள் ஆட்களால் ஆகாது. "சு... சுகந்தான்," என்றார்.

அதோடு முடிந்துவிடாது. பிறகு இருவரும் மாறி மாறி "ம்ம்" கொட்டவேண்டும். அதற்கு உதடும் அசையவேண்டாம், தலையும் அசையவேண்டாம்.

"ம்ம்," என்றாள்.

"ம்ம்," என்றார்.

ஜெனரேட்டர் உறுமி, வெளிச்சம் திரும்பும்வரை அந்த இருட்டில் இரண்டு பேரும் ஊர்வழியில் சந்தித்துக்கொண்டவர்கள் மாதிரி ம்ம் கொட்டிக்கொண்டிருந்தார்கள். தலை அசையவே இல்லை. என்ன மனுஷி ஐயா அவள்!

மறுநாள் கட்டுப் பிரித்தார்கள். லுப்வாமா டாக்டரைப் பார்த்தார், நர்ஸைப் பார்த்தார், இன்னும் யாரையோ தேடினார். பின்னால் நின்ற நல்வோகா மண்டியிட்டு, "ம்ம்," என்றாள்.

சட்டென்று திரும்பினார்.

"உள்ள என்ன பாத்தீங்க ஐயா?" என்று வழக்கம்போலக் கேட்டாள்.

"அத விடு மகளே. கொஞ்சம் ஜன்னல் பக்கம் வா. உன் மூஞ்சியப் பாக்கணும்."