அப்பாவின் தோணி நீலம்

வலக்கண்ணில் புரை எடுத்தபின் மீனவர் செபஸ்தியாம்பிள்ளை வாவிக்கரைக்குப் போனார். அங்கே அவருடைய தோணி கத்தரிப்பூ நிறத்தில் கிடந்தது.

அப்பாவின் தோணி நீலம். சின்ன வயதில் அதன் முன்பக்க அணியத்தில் இவர் குந்தியிருக்க, அப்பா கம்பு ஊன்றிப் பாடிக்கொண்டே போவார். அந்த நீலத்தைத் தேடித்தான் போன வருஷம், புரை மூடிய கண்களோடு, கடைக்காரர் காட்டிய நீலங்களையெல்லாம் பச்சை என்று தள்ளிவிட்டு, இந்தப் பெயின்றை வாங்கி அடித்திருந்தார்.

"ஏன் புள்ள, ஒருத்தரும் சொல்லல்லயே?"

"நான் சொன்னன். எனக்குத்தான் கண்ணில பழுதெண்டிங்க," என்றாள் கூட வந்த மனைவி ஞானமலர்.

அவர் வலக்கண்ணைப் பொத்தினார். புரை எடுக்காத இடக்கண்ணுக்குத் தோணி இன்னும் அப்பாவின் நீலமாகவே தெரிந்தது.

"மற்றக் கண்ணுக்குச் செய்ய நான் வரமாட்டன்."

"வராதீங்க. கண் தெரியாம கெளுத்தி மீன் முள்ளுக் குத்தினா மருந்து கட்ட நானும் வரமாட்டன்."

இடக்கண்ணுக்கான ஆசுப்பத்திரி நாளன்று காலையில் அவர் வலக்கண்ணைப் பொத்தியபடி தோணியை நெடுநேரம் பார்த்து நின்றார்.

"அப்பாட்டச் சொல்லிப்போட்டு வாறன்."

"பஸ்காரன்ட்டயும் நிக்கச் சொல்லுங்க," என்று ஞானமலர் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.