அனோஜினிக்குப் போர்த்திய பொன்னாடை

2025 ஆகஸ்ட் 16, சனிக்கிழமை பிற்பகல், மாக்கிரட்டின் பெயரை முதல்முறையாக ஒருவர் மைக்கில் சொல்லிக் கைதட்டச் சொன்னார். அந்தக் கைதட்டல் ஓய்வதற்குள் அதை யாராவது நிறுத்தினால் போதும் என்று மாக்கிரட்டுக்கு ஆகிவிட்டது.

அவருக்கு நாற்பத்தொன்பது வயது. மன்னாரிலிருந்து கணவரின் ஸ்பொன்சரில் மொன்றியல் வந்தவர். அங்கே செயின்ட்-மிஷேல் பகுதியில் ஒரு கார்டரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், சமைக்கிறார். கணவர் வின்சன்டும் சமையற்காரர்தான், டவுன்டவுன் உணவகத்தில். வசந்தத்தில் ஒரு நாள் எண்ணெய்ப் பீப்பாயைத் தூக்கும்போது முதுகு பிடித்தது. அன்றிலிருந்து வீட்டில் இருக்கிறார்.

ஒரே மகள் அனோஜினி எல்லைக்கு அப்பால் ஓர் அமெரிக்கக் கல்லூரியில் படிக்கிறாள். மூன்று எட்டில் தாண்டும் முப்பாய்ச்சல் அவளுடைய விளையாட்டு. படிப்புக் கட்டணத்தைக் கல்லூரி பார்த்துக்கொள்கிறது. அறையும் சாப்பாடும் வீட்டின் பாடு. இந்த வருடம் வீட்டால் முடியாது. வேறு காசு கிடைக்காவிட்டால், விடுமுறைக்கு வந்தவள் திரும்பிப் போகமாட்டாள்.

ஒரு வழி இருந்தது. அனோஜினிதான் சொன்னாள்.

"கடைக்காரர் எனக்குக் காசு தரலாம் அம்மா. ஆனா சும்மா தரக்கூடாது, கொலிஜ் விளையாட்டு விதி அது. நான் அவைக்கு விளம்பரம் செய்யவேணும். படமெடுக்கலாம், வீடியோ போடலாம், கடையில வந்து நிக்கலாம். நல்லாப் பாய்ஞ்சதுக்கெண்டு மட்டும் தரக்கூடாது. எழுதிக் கையெழுத்து வைச்சு கொலிஜுக்கு முதலே அறிவிக்கவேணும்."

"அங்க போய்ச் செய்தால் என்ன?"

"ஏலாது. மாணவர் விசாவில அங்க வேலை செய்யக்கூடாதாம். எல்லாம் இஞ்ச, நான் போக முந்தி."

போகும் நாள் ஆகஸ்ட் 24, ஞாயிறு.

வேலை முடிந்ததும் மாக்கிரட் அதே உடுப்போடு கடை கடையாக ஏறினார். நகைக்கடைக்காரர் "பேந்து பாப்பம்" என்றார். காப்புறுதி முகவர், "முப்பாய்ச்சலோ? உதைபந்தெண்டால் ஆரும் பாப்பினம்" என்று சிரித்தார். கடைசியில் பலசரக்குக் கடை ஞானேந்திரன். எந்தத் தமிழ் விழாவிலும் மேடைக்குப் பின்னால் அவருடைய கடைப் பெயர் தொங்கும்.

"இதுக்கே அக்கா இப்பிடி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தனீங்கள்? நான் இருக்கிறன். செய்வம்."

"விளம்பரமாத்தான் அண்ணை செய்யவேணும். ஒப்பந்தம் எழுதவேணும்."

"ஓம் ஓம், அதெல்லாம் பாப்பம்."

அன்று மாக்கிரட் வீடுவரை நடந்தே போனார். கனநாளுக்குப் பிறகு வின்சன்டோடு சண்டை பிடிக்காமல் சாப்பிட்டார்.

சனிக்கிழமை அஹுன்ட்சிக் பூங்காவில் தமிழ் விளையாட்டு விழா. கயிறிழுத்தல் முடிந்ததும் ஞானேந்திரன் மைக்கை வாங்கினார். தாயையும் மகளையும் மேடைக்கு அழைத்தார். அனோஜினியின் தோளில் பொன்னாடை போர்த்தினார். கையில் ஓர் உறையைத் திணித்தார்.

"இந்தப் பிள்ளை பாய்ஞ்ச பாய்ச்சலுக்கு எங்கட அன்பளிப்பு இது. இதுக்கு அவ எங்களுக்கு ஒண்டும் செய்யத் தேவையில்லை. காசைக் குடுத்துப் பிள்ளையை வேலைவாங்கிற ஆக்களில்லை நாங்கள்!"

சனம் கைதட்டியது. யாரோ விசிலடித்தார்கள். ஞானேந்திரனின் கடைப் பையன்கள் எல்லாவற்றையும் நேரலையில் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

அனோஜினி சிரித்த முகத்தை மாற்றாமல் தாயின் காதுக்குள் சொன்னாள்: "அம்மா, இதைத்தான் செய்யக்கூடாதெண்டனான்."

கூட்டத்துக்கு முன்னால் உறையைத் திருப்பிக் கொடுத்தால் அவரை அடித்ததற்குச் சமம். மாக்கிரட் கும்பிட்டார். இறங்கினார்.

திங்கட்கிழமை கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. நேரலையில் யாரோ பெருமையோடு கல்லூரி அணியின் பெயரையும் சேர்த்துவிட்டிருந்தார்கள். கல்லூரியில் விதிகளைப் பார்க்கும் அலுவலர் கேட்ட முதல் கேள்வி, மேடையில் அந்த மனிதர் என்ன சொன்னார் என்பதுதான். அனோஜினி பொய் சொல்லவில்லை. காசை உடனே திருப்பவேண்டும், முடிவு வரும்வரை போட்டியில் பாயமுடியாது என்றார் அலுவலர். முறையான ஒப்பந்தம் இருந்தால் அனுப்பலாம். ஏற்பார்களா என்று அவரால் சொல்லமுடியாது.

மாக்கிரட் கார்டரிக்கு லீவு சொன்னார். உறையையும் மடித்த பொன்னாடையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார். ஞானேந்திரன் பையைத் திறந்து பார்த்தார். முகம் கறுத்தது.

"குடுத்ததைத் திருப்புறியளோ? சனம் என்ன கதைக்கும்? ஞானேந்திரன்ர காசு அவைக்கு இழுக்காம் எண்டுதானே?"

"அண்ணை, நீங்கள் நல்லதுக்குத்தான் செய்தனீங்கள். ஆனா அந்த வீடியோவால பிள்ளையை நிப்பாட்டிப்போட்டாங்கள்."

"ஒண்டும் கேக்காமக் குடுத்தது குற்றமோ?"

"ஓம் அண்ணை. அங்க அதுதான் குற்றம்."

பின்னால் வரிசையில் நின்ற பெண் தேங்காயை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினாள். மாக்கிரட்டுக்கு வெட்கம் போய்விட்டது.

"என்ர பிள்ளையை வேலைவாங்குங்கோ அண்ணை. அரிசி மூட்டையைத் தூக்கச் சொல்லுங்கோ. மாப் பக்கற்றோட படமெடுங்கோ. என்னத்தையெண்டாலும் செய்விச்சுப்போட்டுக் காசைக் குடுங்கோ. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

"மன்னார்க்காரி பிடிச்சால் விடமாட்டா" என்றார் ஞானேந்திரன், சிரிக்காமல். உறையை மேசை லாச்சிக்குள் எறிந்தார். "நாளைக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

கல்லூரி அனுப்பிய மாதிரிப்படி எழுதிய ஒப்பந்தத்தில் அவர் அடுத்த நாள் கையெழுத்திட்டார். மேடை வீடியோவை அழிக்கச் சொன்னார். ஆனால் அதை வேறு ஆட்கள் பகிர்ந்திருந்தார்கள். அந்தப் பகிர்வுகளை யாராலும் அழிக்கமுடியவில்லை. கல்லூரி பார்த்துச் சரி சொல்லும்வரை விளம்பரம் எடுக்கக்கூடாது. புதன் போனது. வியாழனும் போனது. வின்சன்ட் தொலைபேசியை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்திருந்தார்.

வெள்ளி பின்னேரம் சரி வந்தது, ஒப்பந்தத்துக்கு மட்டும். சனி காலை அரிசி மூட்டைகளை ஒதுக்கிய இடைவழியில் அனோஜினி ஆறு தடவை பாய்ந்தாள். "கடைப் பேரைச் சிரிச்சுக்கொண்டு சொல்லு பிள்ளை" என்றார் ஞானேந்திரன். ஏழாவது தடவைதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. படம் முடிந்ததும் லாச்சிக்குள் கிடந்த உறையை ஞானேந்திரன் அவளிடம் கொடுத்தார்.

மேடையில் நடந்ததற்கான முடிவு இன்னும் வரவில்லை. ஞாயிறு காலை பஸ்ஸில் அனோஜினி எல்லையைக் கடப்பாள். அதைப்பற்றி முடிவெடுக்கக் கல்லூரி செவ்வாய்க்கிழமை கூடுகிறது.