அவசரக்காரியின் செல்லோ

அபிராமபுரத்துச் சூடாமணிக்கு உட்கார்ந்த இடத்தில் கால் நிற்காது. சாதம் பிசையும்போதும் முழங்கால் ஆடும். ஏழு வருஷம் கர்நாடக வயலின் கற்றவள், 1968-ல், பதினாறு வயதில், சாந்தோம் பள்ளி ஆண்டுவிழாவில் முதன்முதலாகச் செல்லோவைக் கேட்டாள். அந்தப் பெரிய வாத்தியத்தை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசித்தவர் ஷரஃபுதீன். கோடம்பாக்கம் ஸ்டூடியோக்களில் வாசிக்கும் இளைஞர். கனத்த நாதம் அடிவயிற்றில் இறங்கியது. அவள் கால் நின்றுவிட்டது.

"பொம்மனாட்டி காலை அகட்டிண்டு வாசிக்கற வாத்தியமாடி அது?" என்று அம்மா அபயாம்பாள் தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா பத்ரிநாராயணனோ அந்தச் சனிக்கிழமையே பெண்ணைக் கூட்டிப்போய் ஷரஃபுதீனிடம் சேர்த்துவிட்டார்.

செல்லோவோடு பஸ் ஏற முடியாது. "இன்னாமா, வூட்டையே தூக்கினு வர்றியா?" என்று கண்டக்டர் விசில் ஊதிவிடுவார். அதனால் வாத்தியம் ரிக்‌ஷாவில் போகும். அவள் பக்கத்தில் ஓட்டமும் நடையுமாகப் போவாள். விரல் நுனிகள் கொப்பளித்து, உடைந்து, காய்த்தன. ஒரு பாடம் முடிவதற்குள் அடுத்ததைப் புரட்டுவாள். லண்டன் இசைக்கல்லூரி நடத்தும் பரீட்சையின் எட்டு கிரேடுகளையும் நாலே வருஷத்தில் முடித்தாள்.

1973-ல் அடையாறில் முதல் தனிக்கச்சேரி. நிகழ்ச்சி அட்டையில் இருபத்தைந்து நிமிஷம் என்று அச்சிட்டிருந்த உருப்படியைப் பதினெட்டில் முடித்துவிட்டு எழுந்தாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

"ஒரு ஸ்வரம் பிசகலையே!" என்றார் அப்பா.

"ஓடினேன்ப்பா. ஒண்ணுமே என் காதுல விழலை."

அன்றிலிருந்து வில்லைத் தொட்டாலே எரிச்சல் வந்தது. இரண்டு மாதம் கழித்து ஷரஃபுதீன் அவளை ஒரு பாட்டுப்பதிவுக்கு அழைத்துப்போனார். நாற்பது பேர் வாத்தியக்குழு. அவளுக்கு இருந்தது ஒரே ஸ்வரம். நாலு தாளச் சுற்று முடியும்வரை அதை இழுத்துப்பிடிக்க வேண்டும். மூன்று தடவை கணக்கு முடியும் முன்னாலேயே விட்டுவிட்டாள். மூன்று தடவையும் நாற்பது பேரும் முதலிலிருந்து வாசித்தார்கள்.

"யாரும்மா அது? பஸ்ஸு போயிடுமா உனக்கு?" என்று கத்தினார் குழுவை நடத்தியவர். சிரிப்பு எழுந்தது. சூடாமணி வில்லைக் கீழே வைத்துவிட்டு வாசலை நோக்கி நடந்தாள்.

"சூடாமணி," என்றார் ஷரஃபுதீன், நாற்காலியிலிருந்து எழாமலே. "போணும்னா போ. ஆனா இத்த முட்ச்சிட்டுப் போ. நாப்பது பேர் காத்துனுகீறோம்."

முகம் எரிய, திரும்பி வந்து உட்கார்ந்தாள். நாலாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு வில்லை இழுத்தாள். உடம்பு முழுக்க ஓடச் சொன்னது. கை மட்டும் ஓடவில்லை. தன் ஸ்வரத்தின் மேல் வயலின்கள் ஏறிப்போவது அப்போதுதான் காதில் விழுந்தது.

அதன்பின் நாலு வருஷம், காலை ஏழு மணிக்கெல்லாம் ஸ்டூடியோவில் இருந்தாள். சினிமா அவளுக்குப் போதவில்லை; ஆனால் அதை அவள் வெறுத்து ஒதுக்கவும் இல்லை. 1977-ல் மயிலாப்பூரில் மறுபடி தனியாக வாசித்தபோது மெதுவான பகுதியை மெதுவாகவே வாசித்தாள். வந்தவர்கள் அறுபது பேருக்கு மேல் இருக்காது. அவர்களில் பம்பாயிலிருந்து வந்த ஒருவர், அங்குள்ள மேற்கத்திய இசைக்குழு ஒன்றில் இடம் இருப்பதாகச் சொன்னார்.

"எப்ப வரணும்?" என்றாள் சூடாமணி, அவர் பேச்சு முடிவதற்குள். அடுத்த மாதமே ரயிலேறிவிட்டாள்.