ஸ்டிக்கர் ஒட்டாத வாசல்

எங்கள் தெருவில் இப்போதும் பல வீடுகளின் நிலைக்கு மேலே வெளுத்துப்போன பச்சை ஸ்டிக்கர் ஒன்று இருக்கிறது. இந்த வீட்டில் எல்லோரும் தடுப்பூசி போட்டுக்கொண்டார்கள் என்று அதில் எழுதியிருக்கும். எங்கள் வாசலில் மட்டும் கிடையாது. உரிந்து விழவில்லை, நான் ஒட்டவே விடவில்லை.

வீம்பு பிடித்தவள் என்று தெருவில் எனக்குப் பெயர். இருந்துவிட்டுப் போகட்டும். ஆளாளுக்குச் சொல்லி அது வேறு கதையாகிவிட்டதால், நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

என் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு ஊசி போட்டார்கள். போட்ட கொஞ்ச நேரத்தில் நாக்கு தடித்து, மூச்சு அடைத்து, கண் இருட்டிவிட்டது. பிழைத்து எழுந்த பிறகு டாக்டர் என் கையில் ஒரு சீட்டைக் கொடுத்து, இனி எந்த ஊசியானாலும் இதைக் காட்டிவிட்டுத்தான் கையை நீட்ட வேண்டும் என்றார். மகளுக்கு இப்போது கல்யாண வயது. அந்தச் சீட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது.

கொரோனா இரண்டாம் முறை வந்து ஊரைப் புரட்டிப் போட்ட பிறகு, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஊசி முகாம் நடத்தினார்கள். என் வீட்டுக்காரரும் மகளும் அன்றைக்கே போட்டுக்கொண்டார்கள். நானும் வெயிலில் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் சீட்டை எடுத்து நீட்டி, இந்த ஊசி எனக்கு ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டேன். நோட்டில் பெயர் எழுதிக்கொண்டிருந்தவர் அதைத் தொடக்கூட இல்லை.

“பயமா இருக்குதுன்னா பயம்னு சொல்லும்மா. கத சொல்லிக்கினு நிக்காத. பின்னாடி எத்தினி பேரு நிக்கிறாங்க பாரு.”

வரிசையில் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மடித்துவிட்ட ரவிக்கைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் என் உடம்பில் ஊசியை இறக்க யாருக்கும் உரிமை இல்லை. அன்றைக்கும் அதைத்தான் சொன்னேன், இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

எங்களுக்குத் தறிவேலை. சேலைக்கு நீளவாட்டில் ஓடும் இழைகளைப் பாவு என்போம். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அதைத் தெருவில் நீளமாக விரித்துக் கட்டி, அரிசிக் கஞ்சி பூசி, ஒட்டிக்கொள்ளும் பட்டு இழைகளைக் கையால் பிரித்துவிட வேண்டும். வெயில் ஏறுவதற்குள் முடிந்தாக வேண்டும். ஒரு வீட்டு ஆட்களால் ஆகிற வேலை இல்லை. அதற்காக யாரும் யாரையும் கூப்பிடுவதும் கிடையாது. விடியற்காலையில் கஞ்சி வாசனை வந்தால் வீட்டுக்கு ஒருவர் எழுந்து வந்துவிடுவார்கள். எங்கள் பாவென்றால் எதிர்வீட்டுக்காரி முதல் ஆளாக நிற்பாள். பாவுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான்.

அவள் புருஷன் அந்த இரண்டாம் முறையில்தான் போனார். முகத்தைக்கூட அவளுக்குச் சரியாகக் காட்டவில்லை. பிறகு தெருவே பிள்ளையார் கோயில் வாசலில் கூடியபோது, முதலில் எழுந்து பேசியது அவள்தான்.

“ஊசி போடாதவங்க யாரு பாவுலயும் கை வைக்கக் கூடாது. அவங்க பாவுக்கும் யாரும் போவக் கூடாது. எங்க வூட்ல ஒரு உசுரு போனது போதும்.”

எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

“டாக்டர கேட்டுட்டுப் போட்டுக்கறேன்னுதான சொல்றேன்? என் ஒடம்புக்கு இன்னா ஆவும்னு நான் கேக்கக் கூடாதா?” என்றேன்.

“ஒன் ஒடம்பு ஒன் வூட்டுக்குள்ளயே இருந்தா கேக்க மாட்டோம். பாவுல எதிர்ல நிக்கிறப்போ ஒன் மூச்சுதானடி என் மேல படுது?”

அவள் சொன்னதில் நியாயம் இருந்ததால் கோபம் இன்னும் கூடியது. கட்டுப்பாடு போட்டாயிற்று.

அந்த வாரமே எங்களுக்குப் பாவு வந்தது. “கொஞ்ச நாள் பொறுக்கலாமே” என்று வீட்டுக்காரர் கெஞ்சினார். நான் கேட்கவில்லை. வீம்புக்குத்தான் விரித்தேன், ஒப்புக்கொள்கிறேன். கஞ்சி வாசனை தெரு முழுக்கப் போனது. ஒரு கதவும் திறக்கவில்லை. அவர், நான், மகள் என்று மூன்று பேர் அவ்வளவு நீளப் பாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினோம். நாங்கள் ஒரு முனையில் பிரித்துக்கொண்டிருக்கும்போதே மறுமுனையில் கஞ்சி காய்ந்து இழைகள் ஒட்டிக்கொண்டன. பிரித்தால் அறுந்தன. எதிர்வீட்டுக்காரி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரல்கள் தாமாக இழை பிரிப்பதுபோல் அசைந்தன. பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அறுந்ததை முடிச்சுப் போட்டுச் சேர்க்க எனக்கு நான்கு நாளாயிற்று. நான்கு நாளும் அவளைத் திட்டிக்கொண்டே முடிச்சுப் போட்டேன், அழுதும் தொலைத்தேன்.

அது முடிந்ததும் பஸ் ஏறி வாலாஜாபாத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். அவர் சீட்டை வாங்கி இரண்டு தரம் படித்தார். அன்றைக்கு எனக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து எது, அது ஏன் இந்த ஊசியில் இல்லை என்று எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினார்.

“போட்டுக்கலாம்னுதான் நான் சொல்லுவேன். முடிவு உங்களுது. போட்டுக்கினா அரை மணி நேரம் என் கண்ணெதிர்ல உக்காரணும்.”

உடனே கையை நீட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது ஊசியும் அவரிடமே போட்டுக்கொண்டேன். வீட்டுக்குள் தவிர யாருக்கும் சொல்லவில்லை.

பிறகுதான் ஸ்டிக்கர் வந்தது. ஒட்ட வந்தவர், “போன்ல ஊசி போட்ட மெசேஜ காட்டுங்கக்கா, ஒட்டிட்டுப் போயிடறேன்” என்றார். போன் என் இடுப்பில்தான் இருந்தது.

“காட்ட மாட்டேன். என் ஒடம்புல இன்னா இருக்குதுன்னு வாசல்ல எழுதி வைக்க மாட்டேன்.”

சத்தம் கேட்டு எதிர்வீட்டுக்காரி ஓடி வந்தாள். “ஏன்டி இப்டி பண்ற? என் மாமியாருக்கு நெஞ்சு சளி போவவே மாட்டேங்குது. தெருவுல நீ நடந்தாலே ஓடிப் போயி கதவச் சாத்துறேன். அவரு போன மாதிரி அதுவும் போயிட்டா நான் இன்னா பண்ணுவேன்?”

அதுவரைக்கும் அவள் என்னை ஜெயிக்கத்தான் பார்க்கிறாள் என்று நினைத்திருந்தேன். அவள் பயந்துபோய்க் கிடந்திருக்கிறாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. அவளை உள்ளே இழுத்துக்கொண்டு போய்க் காதோடு சொன்னேன். “போட்டுக்கினேன்டி. ரெண்டும்.”

முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். “அத அந்த ஆளுகிட்ட காட்டித் தொலைக்கிறதுதான?”

“ஒனக்குப் பயம், சொன்னேன். அந்த ஆளுக்கு எதுக்குச் சொல்லணும்?”

அவள் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள். ஸ்டிக்கர்காரரும் கிளம்பிவிட்டார்.

அடுத்த பாவுக்கு மறுபடியும் மூன்று பேராகத்தான் நின்றோம். கஞ்சியைப் பூச ஆரம்பித்ததும் எதிர்க்கதவு திறந்தது. அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து, தன் பழைய இடத்தில், எனக்கு எதிரே நின்று இழையைப் பிரித்தாள். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. கட்டுப்பாடு கேட்டவளே அதை மீறி நிற்கிறாளே!

“அவ ஊசி போட்டுக்கினாளா, இல்லயா?” என்று யாரோ கத்திக் கேட்டார்கள்.

அவள் நிமிரவே இல்லை. “அத அவளக் கேளு. வெயில் வருது, வந்து கை வைங்க.”

ஒவ்வொருவராக வந்தார்கள். என்னிடம் வந்து கேட்கத்தான் யாருக்கும் துணிவில்லை. இன்றைக்கும் தெருவில் பாதிப் பேர் நான் ஊசியே போடாதவள் என்றுதான் நம்புகிறார்கள். அவளிடமும் கேட்டுப் பார்த்துவிட்டார்கள். அவள் இதுவரை வாய் திறக்கவில்லை.