நாங்கள் மூடிய வாய்க்கால்

கேள்வி கேட்பதுதான் எங்கள் தொழில். பதில் சொன்னவருக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று பார்ப்பது எங்கள் வேலையில் சேராது.

தஞ்சாவூருக்கு வெளியே, சுற்றிலும் வயல் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில் பொதுக் கொள்கைப் பள்ளி ஒன்று இருக்கிறது. அதில் நான் ஒருங்கிணைப்பாளர். பெயர்தான் பெரிது. அறிக்கை எழுத வேண்டும், விருந்தினருக்கு வண்டி பேச வேண்டும், மேடையில் மொழிபெயர்க்க வேண்டும், யாராவது லீவு போட்டால் வகுப்பும் எடுக்க வேண்டும். வருஷா வருஷம் புதுப்பிக்கும் ஒப்பந்த வேலை. இதே மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. நூலக மாடியில் இரண்டு அறைகளில் இருந்த எங்கள் பள்ளி, ஒரே வருஷத்தில் மூன்று மாடிக் கட்டடத்துக்குப் போயிற்று. ஒரு படிப்பு நாலு படிப்பாயிற்று. அதற்கு 'வளர்ச்சி ஆண்டு' என்று இயக்குநர் பெயர் வைத்தார். அந்த வருஷத்தில் நடந்தவை இவை.

எத்தனாவது வகுப்பு?

என் வீட்டுக்காரர், அதாவது வாடகைக்கு விட்டிருப்பவர், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளியில் வேலை என்று சொல்லித்தான் வீடு பிடித்தேன். ஆறு மாதம் கழித்து, "எத்தனாவது வகுப்புக்கு எடுக்கிறீங்க?" என்றார். இது அந்தப் பள்ளி இல்லை, எம்.ஏ. படிப்பு என்றேன். என்ன பாடம் என்றார். ஒரு திட்டம் போடும்போது அரசாங்கம் எதையெல்லாம் யோசிக்க வேண்டும், யாரையெல்லாம் கேட்க வேண்டும் என்று சொல்லித் தருகிறோம் என்றேன்.

உடனே அவர் கேட்டார்: "அப்ப திட்டம் போடறவங்கல்ல வந்து படிக்கணும்? சின்னப் பிள்ளைங்களுக்கு எதுக்கு?"

ஆபீசில் சொன்னபடி

கட்டடம் முடிந்து, முகப்பில் புல்தரையும் வண்டி நிறுத்த இடமும் அமைக்க மண் அடித்தார்கள். சித்திரை வெயில். மேற்பார்வை பார்க்கும் இன்ஜினியர் உறவினர் கல்யாணத்துக்குப் போய்விட்டார். "சும்மா போய் நில்லுங்க, நம்ம ஆள் ஒருத்தர் இருந்தா போதும்" என்று இயக்குநர் என்னை அனுப்பினார். குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜேசிபி ஓட்டுகிறவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். "மேடம், இந்த ஓரமா ஒரு வாய்க்கா போகுது. இதையும் சேத்து மூடிடவா?"

கோரை மண்டி, பிளாஸ்டிக் பை நிறைந்து, சொட்டுத் தண்ணீர் இல்லாமல் கிடந்தது. ஆனால் நான் நன்னிலத்துக்காரி. பாசன வாய்க்கால் எது, வயல் தண்ணீரை வெளியேற்றும் வடிகால் எது என்று எனக்குப் பார்த்தாலே தெரியும். இது வடிகால். இயக்குநருக்குப் போன் செய்தேன். கூட்டத்தில் இருப்பதாகச் செய்தி வந்தது. மறுபடி கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம் அது. "ஆபீசில என்ன சொன்னாங்களோ அப்படியே செய்யுங்க" என்றேன்.

அவர் வண்டியில் ஏறிக்கொண்டே சொன்னார்: "காலையிலேருந்து யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்றாங்க மேடம்."

பங்குதாரர்

ஐப்பசியில் நாலு நாள் விடாமல் மழை. ஐந்தாம் நாள் வரவேற்பறையில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். பளபளவென்ற தரையில் சேறு ஆகக்கூடாது என்று செருப்பை வெளியே விட்டிருந்தார். காலே சேறாகத்தான் இருந்தது. பெயர் கலியபெருமாள். எங்கள் சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், நிலம் குத்தகைக்குச் செய்கிறவர். நட்டு ஒரு மாதம் ஆன சம்பாப் பயிர் மூழ்கிக் கிடக்கிறது, தண்ணீர் வடிய வழியில்லை, ஒரு ஓரமாக வெட்டி விட்டால் போதும் என்றார். சத்தம் போடவில்லை. கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

இயக்குநரிடம் அழைத்துப் போனேன். அவர் கெட்டவர் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். எழுந்து நின்று வரவேற்றார், டீ வாங்கிக் கொடுத்தார், எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். புல்தரையை வெட்டப் பல்கலைக்கழகக் குழுவின் அனுமதி வேண்டும், மனு எழுதித் தாருங்கள் என்றார். பிறகு முகம் மலர்ந்து, "பத்து நாள்ல நீர் மேலாண்மை பத்தி ஒரு கருத்தரங்கம் வச்சிருக்கோம். நீங்க அவசியம் வந்து பேசணும். இதுல நீங்களும் ஒரு பங்குதாரர்" என்றார்.

"எதுல பங்குங்க?" என்று கலியபெருமாள் கேட்டார். இயக்குநர் விளக்கினார். கடைசி வரை கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "பேச வர்றேங்க. ஆனா பயிர் பத்து நாள் தாங்காதுங்க."

மொழிபெயர்ப்பு

தாங்கவில்லை. ஆனாலும் சொன்னபடி வந்தார். சலவைச் சட்டை, தோளில் துண்டு, கையில் ஒரு துணிப்பை. வெளிநாட்டில் இருந்து வந்த இரண்டு பேராசிரியர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். கலியபெருமாளுக்கு ஐந்து நிமிடம். ஆங்கிலத்தில் சொல்வது என் பொறுப்பு. பையில் இருந்து ஒரு பிடி அழுகின பயிரை எடுத்து மேஜை விரிப்பின்மேல் வைத்தார். நாற்றம் வந்தது. முப்பது வருஷமாகத் தண்ணீர் எந்த வழியாக வடிந்தது, அதில் யார் மண் அடித்தார்கள், யாரிடம் வந்து கேட்டார், என்ன பதில் கிடைத்தது எல்லாவற்றையும் சொன்னார். "இந்தக் கட்டடந்தான். இப்ப நாம உக்காந்திருக்கிற இதேதான்" என்று தரையைக் காட்டினார்.

முன்வரிசையில் இயக்குநர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வடிகால் பிரச்சினைகளால் இந்தப் பகுதி விவசாயிகள் சிரமப்படுகிறார்கள் என்று ஆங்கிலத்தில் ஒரே வாக்கியம் சொன்னேன். எல்லாரும் கை தட்டினார்கள். பேராசிரியர் ஒருவர் எழுந்து வந்து அவர் கையைக் குலுக்கினார்.

சாப்பாட்டுக்கு இருக்கச் சொன்னேன், அவர் இருக்கவில்லை. வாசல் வரைக்கும் கூடப் போனேன். "நான் அவ்வளவு நேரம் பேசினேன், நீங்க சட்டுனு முடிச்சிட்டீங்களேம்மா."

நன்றிப் பட்டியல்

அன்றைக்குக் கடைசி வரிசையில் உட்கார்ந்து, தமிழையும் என் ஆங்கிலத்தையும் கேட்டுக்கொண்டிருந்தவள் நஸ்ரின். கூத்தாநல்லூர்ப் பெண். வாப்பாவும் அண்ணனும் வளைகுடாவில் இருக்கிறார்கள். எங்களிடம் உதவி விரிவுரையாளர். அவளுக்கும் என்னைப் போல ஒப்பந்தம்தான். கருத்தரங்கம் முடிந்த மறுவாரமே மாணவர்களை அழைத்துக்கொண்டு வயலில் இறங்கிவிட்டாள். தாலுகா ஆபீசில் பழைய புல வரைபடம் வாங்கி, இன்றைய நிலையை அளந்து, இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து வரைந்தாள். வடிகால் நீல நிறத்தில் ஓடி வந்து எங்கள் புல்தரையில் முட்டி நின்றது. குழந்தைக்குக்கூடப் புரியும். மாணவர்கள் அதைப் பெருமையோடு ஆண்டறிக்கைக்கு அனுப்பினார்கள்.

"நல்ல வேலை. ஆனா இந்த வருஷ அறிக்கையோட தொனிக்கு இது ஒத்து வரலை" என்றார் இயக்குநர். எடுத்தேன். அந்தப் பக்கத்தில் புல்தரையில் மாணவர்கள் சிரிக்கிற படம் ஒன்று வந்தது. மனசு கேட்காமல், கடைசிப் பக்க நன்றிப் பட்டியலில் நஸ்ரின் பெயரைச் சேர்த்தேன். என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது, அவளுடையது ஆகவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

மேஜையைக் காலி செய்யும்போது அறிக்கையைப் புரட்டினாள். கோபமே இல்லாத குரலில் சொன்னாள்: "வரைபடத்தை எடுத்துட்டீங்க, சரி. இதுல என் பேர் மட்டும் எதுக்குக்கா, அதையும் எடுத்துடுங்க."

குழாய்

போனவள் சும்மா இருக்கவில்லை. கலியபெருமாளுக்கு மனு எழுதிக் கொடுத்து, வரைபடத்தை இணைத்து, தாலுகா ஆபீசில் வருஷா வருஷம் மனு வாங்கும் ஜமாபந்திக்குக் கூடவே போயிருக்கிறாள். அந்த மனுவை நான் எழுதியிருக்க வேண்டும். தாசில்தார் சர்வேயரோடு வந்து அளந்தார். பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் வந்தது. புல்தரையை வெட்டி, அடியில் ஆள் குனிந்து போகிற அளவுக்கு சிமெண்டுக் குழாய் பதித்தார்கள். இயக்குநர் அதையும் படம் எடுத்து வைக்கச் சொன்னார், 'சமூகத்தோடு இணைந்த பணி' என்ற தலைப்புக்கு.

குழாய் பதித்த வாரம் கலியபெருமாளைச் சுவர் ஓரத்தில் பார்த்தேன். நல்லதாயிற்று, இந்த வருஷம் பயம் இல்லை என்றேன். நிலத்துக்காரர் ஆறு மாவையும் விற்றுவிட்டார் என்றார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. மாணவர் விடுதிக்கான வரைபடம் என் மேஜையில்தான் இருந்தது. மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாளாம், அங்கேயே வாட்ச்மேன் வேலை பார்த்து வைத்திருக்கிறாளாம், திங்கட்கிழமை கிளம்புகிறாராம். மன்னிப்புக் கேட்க வாய் வரைக்கும் வந்தது. அன்றைக்கு வெயிலில் குடையோடு நின்றது நான்தான் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

குனிந்து குழாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "நல்லாப் பெருசாத்தான் போட்டிருக்காங்க. வயல்தான் இல்ல."

இந்த வருஷம் எனக்கு முதுநிலை ஒருங்கிணைப்பாளர் பதவியும் மூன்றாம் மாடியில் தனி அறையும் கொடுத்திருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் அந்த ஆறு மாவில் விடுதிக்கு அஸ்திவாரம் தோண்டுவது நேராகத் தெரியும் என்பதால் ஏசி போட்டுக்கொள்கிறேன்.