சண்டு வத்தல்

காய்ந்த வத்தலின் நெடி மூக்கில் ஏறும். நனைந்த வத்தலின் நெடியோ தொண்டையில் இறங்கி அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். ஈரச் சாக்கை முகத்தில் போட்டு மூடியதுபோல ஒரு புழுக்கம், அதில் லேசான புளிப்பு, அதற்கும் அடியில் எரிச்சல். தொண்ணூறுகளின் நடுவில், எனக்குப் பத்து வயது நடந்த கோடையில், அந்த நெடியை முன்னால் குவித்து வைத்துக்கொண்டு, தெருவே பார்க்க, எங்கள் வீட்டு வாசலில் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தேன்.

விளாத்திகுளத்திலிருந்து உள்ளே தள்ளிய கிராமம் எங்களுடையது. மழையை நம்பிப் போட்ட மிளகாய் மாசி, பங்குனியில் பழுக்கும்; பறித்த பழத்தை ஊர்க்கோடிக் களத்தில் பரப்பி வத்தலாகக் காயவைப்போம். பள்ளிக்கூடம் விட்டதும் களத்துக்குப் போய்க் காவல் இருப்பது என் வேலை. ஆடு வந்தால் விரட்ட வேண்டும். மேகம் கூடினால் வத்தலைக் குவித்து, கொட்டகையில் மடித்து வைத்திருக்கும் "படுதா"வை, அதாவது பெரிய தார்ப்பாயை, இழுத்து வந்து மூட வேண்டும்.

எங்கள் வீட்டில் பிள்ளைகளை அடிக்கிற வழக்கம் இல்லை. அப்பாவுக்கு அதில் ஒரு பெருமையே உண்டு. "அடிச்சா அழுதுட்டு மறந்துரும். விட்ட வேலைய அதுவே திரும்பச் செஞ்சாத்தான் மண்டையில ஏறும்" என்பார். ஆட்டுக்குத் தண்ணீர் காட்ட மறந்தால், காட்டிவிட்டு வந்த பிறகுதான் எனக்குக் காப்பி. தம்பி கோழிகளை அடைக்காமல் தூங்கிப்போய்ப் பூனை ஒரு குஞ்சைத் தூக்கிக்கொண்டு போனபோது, மிச்சக் குஞ்சுகள் வளர்ந்து முடியும்வரை அவற்றுக்கு இரை போடுவதும் அவன் தலையில் விழுந்தது. அதற்கு மேல் ஏச்சும் கிடையாது, பேச்சும் கிடையாது. முணுமுணுத்துக்கொண்டே செய்தாலும் எங்களுக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

அந்த வருஷம் பங்குனிக் கடைசியில் ஒரு சாயங்காலம் திடீரென்று மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. வத்தலை அவசர அவசரமாகக் கூட்டிக் குவித்துவிட்டுக் கொட்டகைக்கு ஓடினேன். படுதாவைக் காணோம். மூலை முடுக்கெல்லாம் தேடினேன். கடைசியில் கிடைத்த கிழிந்த சாக்குகளைக் கொண்டுவந்து குவியல் மேல் போர்த்தி, அதுவும் போதாமல், பாவாடையை விரித்துக்கொண்டு நானே மேலே கவிழ்ந்து படுத்தேன். பெரிய மழை இல்லை. வத்தலைக் கெடுக்க அது போதும்.

புதூருக்குப் போயிருந்த அப்பா சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது நான் சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தேன்.

"படுதா எங்கட்டி?"

"கொட்டகைல இல்லப்பா."

"இல்லாம அது என்ன நடந்தா போச்சு? கூடாரம் கட்டி வெளையாடிட்டு எங்கயோ போட்டுட்டு வந்திருக்க."

முந்தின வருஷம் நானும் கூட்டாளிகளும் அதே படுதாவை எடுத்துக் கூடாரம் கட்டியது உண்மைதான். அதனால் இப்போது நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. பக்கத்துக் களத்துக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். "பொய் வேற சொல்லுதா" என்றார் அப்பா அவர்களிடம். தலையைக் குனிந்தவள் வீடு வந்து சேரும்வரை நிமிரவில்லை.

நனைந்த வத்தல் திரும்பக் காய்ந்தாலும் வெளுத்து, திட்டுத் திட்டாக நிறம் செத்துப்போகும். அதற்குச் "சண்டு" என்று பெயர். சண்டு கலந்திருந்தால் வியாபாரி மொத்தத்தையும் ஒதுக்கிவிடுவார். அதைப் பொறுக்கிப் பிரிப்பது என் பொறுப்பாயிற்று. சித்திரையில் வரும் காளியம்மன் கோயில் பொங்கலுக்குள் முடிக்காவிட்டால் முளைப்பாரி எடுக்கப் போகக் கூடாது என்றும் அப்பா சொல்லிவிட்டார். அந்த வருஷம்தான் முதன்முதலாக என் பேரில் அம்மா சட்டியில் நவதானியம் விதைத்து முளைப்பாரி போட்டு, அடுக்களை இருட்டில் தண்ணீர் தெளித்து வளர்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்தேன். விரல் நுனியெல்லாம் தீயாக எரியும். மறந்துபோய்க் கண்ணைத் தொட்டுவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். தெருவில் போகிற பிள்ளைகள் "பொய்க்காரி, சண்டு பொறுக்கி" என்று பாடிக்கொண்டு போவார்கள். நாளாக நாளாக எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. படுதாவை நான்தான் எங்கேயாவது கொண்டுபோய்ப் போட்டுவிட்டு மறந்திருப்பேனோ என்று, பொறுக்குகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் ஓடைப் பக்கம் தேடித் திரிந்தேன். என் கையில் எண்ணெய் தடவிக்கொண்டே அம்மா ஒருநாள் அப்பாவிடம், "சின்னப் பிள்ளை சொல்லுததயும் ஒரு வார்த்த விசாரிச்சிருக்கலாம்லா" என்றாள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

கோயில் பொங்கல் அன்று மத்தியானம். குவியலில் பாதிகூடக் குறையவில்லை. அப்பா குளித்துச் சலவை வேட்டி சட்டை போட்டுக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பி நின்றார். அப்போது மேலத்தெரு சுப்பையா மாமா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். பின்னால் கேரியரில் எங்கள் படுதா.

"மச்சான், தப்பா நெனச்சுக்கிடாதீங்க. மக சடங்குக்குப் பந்தல் போட வாங்கிட்டுப் போனது. அன்னைக்கே கொண்டாந்து தந்திருக்கணும், சோலியில மறந்தே போயிட்டேன்."

எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டு மறந்துபோனவர் அப்பாதான். அது அவர் முகத்திலேயே தெரிந்தது. மாமா போன பிறகு படுதாவைத் திண்ணையில் மடித்து வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்து, சாக்கில் எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"நீ எந்திரிட்டி. போய்க் குளிச்சுட்டு முளைப்பாரி எடு."

"நீங்க வரலையாப்பா?"

"வேலை கெடக்குல்லா."

சாயங்காலம் முளைப்பாரி ஊர்வலம் எங்கள் தெருவுக்குள் திரும்பியபோது அவர் அதே இடத்தில் இருந்தார். என் தலையில் முளைப்பாரி. இரண்டு கையாலும் அதைப் பிடித்திருந்தேன். மேளக்காரர்கள் எங்கள் வீட்டுக்கு முன்னால் நின்று மூச்சு வாங்கினார்கள். கூட்டத்திலிருந்து யாரோ சிரித்துக்கொண்டே, "என்ன அண்ணாச்சி, நல்ல நாளும் அதுவுமா வத்தல் பொறுக்குதீங்க?" என்று கேட்டார்.

அப்பா நிமிர்ந்து எல்லோரையும் பார்த்தார். "பிள்ளை மேல அநியாயமாப் பழி போட்டுட்டேன். படுதாவ நாந்தான் குடுத்து விட்டிருந்தேன். அவ பொய் சொல்லல."

நான் ஆசைப்பட்டது அதுதானே? என் பேர் தெருவறியச் சுத்தமாகிவிட்டது. ஆனாலும் எனக்கு நிமிர முடியவில்லை. களத்தில் தலை குனிந்ததைவிட இது பொல்லாததாக இருந்தது. ஊரே நிற்க என் அப்பா தரையில் உட்கார்ந்து, எரிகிற விரலோடு, தன் தப்பைச் சொல்வதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. இதை வீட்டுக்குள் வைத்துச் சொல்லியிருக்கக் கூடாதா என்று அவர்மேல் கோபம்கூட வந்தது. தெருவில் வைத்துக் கெடுத்த பேரைத் தெருவில் வைத்துத்தான் திருப்பித் தர வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டிருப்பார் என்பது விளங்க எனக்கு வெகுகாலம் ஆயிற்று. மிச்சச் சண்டு முழுவதையும் அவரே பொறுக்கி முடித்தார். அதைப் பற்றி அப்புறம் நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

இப்போது அப்பா இல்லை. எங்கள் களம் இருந்த இடம் வேலிக்குள் போய்விட்டது; உள்ளே வரிசை வரிசையாக சோலார் தகடுகள். நான் கோவில்பட்டியில் இருக்கிறேன். குழாயில் தண்ணீர் வருகிற நாளில் மோட்டார் போட்டுத் தொட்டி நிரப்புவது என் மகனின் வேலை. போன மாதம் ஒருநாள் தொட்டி காலியாகக் கிடந்தது. பேட்டும் கையுமாக வாசலில் நின்ற கூட்டாளிகள் முன்னால், "வெளையாட்டுப் புத்தியில மறந்துட்டு நிக்கியாலே?" என்று கத்தினேன். "போட்டேம்மா, மோட்டார் ஓடல" என்றான். பொய் சொல்லாதே என்றேன். குடத்தைக் கொடுத்துத் தெருக்கோடிக் குழாய்க்கு அனுப்பினேன்.

மறுநாள் மெக்கானிக் வந்து பிரித்துப் பார்த்தார். மோட்டாரின் காயில் கம்பி கருகிப் போயிருந்தது.

சாயங்காலம் அந்தப் பையன்கள் திரும்பவும் வந்து வாசலில் நின்றார்கள். அவன் பொய் சொல்லவில்லை என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். கதவு வரை போனேன், வாய் வரவில்லை. அவர்கள் எல்லோரும் போன பிறகு, அடுக்களையில் வைத்து, தப்பு என்மேல்தான் என்று தாழ்ந்த குரலில் மகனிடம் சொன்னேன். "சரிம்மா, விடு" என்று சொல்லிவிட்டு அவன் படிக்கப் போய்விட்டான். அந்தப் பையன்கள் இன்றுவரை அவனை "டேங்க்கு" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.