பெண்கள் பார்த்த படம்

இஸ்லாத்தின் ஆரம்ப காலத்தைச் சொல்லும் அந்தப் படத்தின் காஸெட்டை அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்திருந்தான். மேலப்பாளையத்தில் எங்கள் தெரு ஆண்களெல்லாம் ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டு முன்கட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். பெண்கள் நாங்கள் அடுக்களையில் தேத்தண்ணி போட்டோம். குதிரைக் குளம்புச் சத்தம்தான் எங்களுக்குக் கிடைத்தது.

எங்களோடு இருந்த சாச்சி, உம்மாவின் தங்கை, மறுநாள் தானும் பார்க்க வேண்டும் என்றாள். பெண்கள் படம் பார்ப்பது ஜமாஅத்துக்குப் பிடிக்காது என்றான் அண்ணன். ஆண்கள் பார்த்தது மட்டும் பிடித்ததா என்று கேட்டாள். அவன் வீடியோ டெக்கைப் போடும் விதத்தை எனக்குக் காட்டிவிட்டு வெளியே போய்விட்டான்.

தெருப் பெண்கள் பீடி சுற்றும் முறத்தோடு வந்தார்கள். படம் இங்கிலீஷில் பேசியது. பிளஸ் டூ முடித்திருந்த நான் விளக்கப் பார்த்தேன், யாருக்கும் தேவைப்படவில்லை. எல்லாம் மதரஸாவில் கேட்ட கதைகள். நபியவர்களின் உருவமும் குரலும் படத்தில் இல்லை. நபியவர்களிடம் பேசுகிறவர்கள் நேராக எங்களைப் பார்த்தே பேசினார்கள். உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நபியை வாழ்த்தி ஸலவாத்து ஓதினாள். ஈமானை, இறைநம்பிக்கையை, விடமாட்டேன் என்ற ஓர் ஏழைப் பெண்ணைக் கொன்றபோது இலை வெட்டும் கத்திரிகள் நின்றுபோயின.

அப்போதுதான் ஜமாஅத் பெரியவர் ஒருவர் கதவைத் தட்டினார். பெண்களுக்கு எதற்குப் படம், நிறுத்துங்கள் என்றார்.

சாச்சி கதவுக்குப் பின்னால் நின்று பேசினாள். "தீனுக்காக மொதல்ல உசுர விட்டது ஒரு பொம்பள, மாமா. அவ கதையத்தான் பாக்கோம். நிப்பாட்ட மாட்டோம்."

நான் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசலில் ஜமாஅத்தார் வாப்பாவை வீட்டுப் பெண்களுக்காக மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். சண்டை சச்சரவுக்குப் போகாத மனிதர் அவர். தான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் முடிந்துவிடுமே என்று வீட்டுக்கு வந்து சாச்சியிடம் கேட்டார். அவள் கூடாது என்றாள். வாப்பாவை எதிர்த்து ஒருநாளும் பேசியிராத உம்மா சொன்னாள்: "நானுந்தான் பாத்தேன். தப்புன்னு எனக்குத் தோணல."

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் போன வாப்பா, தன் வீட்டுப் பெண்கள் மன்னிப்புக் கேட்க எதுவும் செய்யவில்லை என்று அங்கேயே சொல்லிவிட்டு வந்தார்.

சில வீடுகளில் எங்களோடு பேச்சை நிறுத்தினார்கள். ஒரு கல்யாணத்துக்கு எங்களை அழைக்கவில்லை. அந்தக் கல்யாண வீட்டுப் பெண்ணே ஒருநாள் எங்கள் பின்வாசலில் வந்து நின்று, பைய, காஸெட் கிடைக்குமா என்று கேட்டாள்.

முன்வாசல் வழியாக வந்தால் தருகிறேன் என்றாள் சாச்சி.

அவள் தெருவைச் சுற்றிக்கொண்டு வந்தாள்.